ட்ரோனுக்கு ஆன்டெனா வாங்கும் முன் ஒரு வரவு செலவுக் கணக்கு

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலை. எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக்காலில் எங்கோ அடைப்பு. வேலிகாத்தான் முள் சாய்ந்து கிடக்கிறதா, மண் சரிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. "பேங்க் சார் கிட்ட ட்ரோன் இருக்கே, மேலே விட்டுப் பாத்துடலாமே" என்றார்கள் எங்கள் உழவர் குழுவினர். எனக்கும் பெருமை. வீட்டு வாசலில் நின்றபடியே ஏற்றினேன். சவுக்குத் தோப்பைத் தாண்டி 300 மீட்டர் போனதும் சிக்னல் போய்விட்டது. சிக்னல் போனால் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி வரும்படி அமைப்பு இருக்கிறது. அப்படித்தான் திரும்பியது. ஆனால் அந்தத் திரும்பும் உயரத்தை 15 மீட்டர் என்று வைத்திருந்தேன். வழியில் நின்ற பனை அதைவிட உயரம். பனை மட்டையில் அடித்து, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே விழுந்தது.

ஒரு அம்மாவின் தலைக்கும் அதற்கும் 5 அடிதான் இடைவெளி. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், வாய்க்காலைப் பாக்கணும்னா நடந்து போய்ப் பாக்கலாமே?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் வெட்கப்படவேண்டிய விஷயம் இன்னொன்று. விழுவதற்கு 10 நாள் முன்புதான் "தூரம் அதிகமாகும்" என்று 1,800 ரூபாய் கொடுத்துப் புது ஆன்டெனா வாங்கி ரிமோட்டில் மாட்டியிருந்தேன். அது தப்பான ஆன்டெனா. பணி செய்த காலமெல்லாம் மற்றவர்களின் திட்ட அறிக்கையைத் துருவித் துருவிக் கேட்டவன், என் சொந்தப் பணத்தைக் கேள்வி கேட்காமல் கொடுத்தேன்.

இயற்கை விவசாயப் பத்திரிகையில் ட்ரோனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நான் சொல்வது மருந்தடிக்கும் ட்ரோன் அல்ல. வாய்க்கால், வரப்பு உடைப்பு, காட்டுப்பன்றி புகுந்த இடம், நெல்லில் மஞ்சள் பாய்ந்த திட்டு இவற்றை மேலிருந்து பார்க்கும் சின்ன ட்ரோன். குழுவாகச் சேர்ந்து ஒன்று வைத்திருக்கும் உழவர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் "சிக்னல் பத்தலை, ஆன்டெனா மாத்தலாமா?" என்ற கேள்விக்கு வருவார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் கேள்வி: எவ்வளவு தூரம் வேண்டும்?

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சதுரமாக வெட்டினால் ஒரு பக்கம் 64 மீட்டர்கூட வராது. 10 ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 200 மீட்டர். மூலைக்கு மூலை சுமார் 285 மீட்டர். நடுவில் நின்றால் எந்த மூலையும் 150 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

ட்ரோன் பெட்டியில் கிலோமீட்டர் கணக்கில் தூரம் போட்டிருப்பார்கள். அது மரமில்லாத, வேறு ரேடியோ இல்லாத வெட்டவெளியில் கிடைக்கும் தூரம். நமக்கு வேண்டியதோ சில நூறு மீட்டர். அந்தச் சில நூறு மீட்டரிலேயே சிக்னல் போகிறது என்றால், குறை ஆன்டெனாவில் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆன்டெனா மின்சாரம் உற்பத்தி செய்யாது

மோட்டார் அதே 5 எச்.பி. தான். குழாய் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் தூரமாகப் பாய்கிறது. ஆனால் அது நனைக்கும் இடம் குறுகிவிடுகிறது. ஆன்டெனாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. இருக்கும் சக்தியை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும்.

இந்தக் கூடுதல் குறைவை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். இது கூட்டல் கழித்தல் கணக்கு என்பதால் பாஸ்புக் மாதிரி எழுதலாம். ஒரு உதாரணம் பாருங்கள்.

ரிமோட்டின் சக்தி 100 மில்லிவாட். இது 20 என்று வரவு. ரிமோட் ஆன்டெனா 2, ட்ரோன் ஆன்டெனா 2, அதுவும் வரவு. மொத்தம் 24. இனி செலவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 1 கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடக்க 100 டெசிபல் செலவாகும். 24-இல் 100 போனால் மைனஸ் 76. ட்ரோனில் உள்ள ரிசீவர் மைனஸ் 90 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஓ.டி. லிமிட் 90, நாம் 76-இல் நிற்கிறோம். இன்னும் 14 கையில் இருக்கிறது.

இப்போது நடுவில் மரம் வருகிறது. தண்ணீர் நிறைந்த பச்சை இலை இந்த அலையைக் குடித்துவிடும். அடர்ந்த ஒரு மரமே 10 டெசிபலோ அதற்கு மேலோ தின்னும். ஒரு தோப்பு குறுக்கே இருந்தால் கையிருப்பு 14-உம் போய் லிமிட்டைத் தாண்டிவிடுவோம். இணைப்பு அறுந்துவிடும்.

மனதில் வைக்க ஒரே எண் 6. வெட்டவெளியில் 6 டெசிபல் கூடினால் தூரம் இரட்டிப்பாகும். 6 குறைந்தால் பாதியாகும். நல்ல ஆன்டெனா மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் 6 டெசிபல். ஒரு தோப்பைத் தவிர்த்தால் கிடைப்பது 10, 20. எது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நிற்கும் இடத்தை மாற்றினால் செலவில்லை

நான் நின்ற வாசலுக்கு 15 மீட்டரில் சவுக்குத் தோப்பு. உயரம் 10 மீட்டர். அங்கிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்கும் ட்ரோனை மரத்துக்கு மேலாகப் பார்க்கவேண்டும் என்றால் அது சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். சட்டம் பச்சை மண்டலத்தில் அனுமதிப்பதே 400 அடி, அதாவது 120 மீட்டர். ஆக, அந்த வாசலில் எந்த ஆன்டெனா மாட்டினாலும் பார்வை கிடைத்திருக்காது.

அதே தோப்பிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், அதே 300 மீட்டருக்கு ட்ரோன் 35 மீட்டர் உயரம் இருந்தாலே போதும். இதில் மர உச்சிக்கு மேல் 2 மீட்டர் இடைவெளியும் சேர்த்திருக்கிறேன். அலை நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை; நடுவில் கொஞ்சம் பருத்துத்தான் போகும். மரத்தை உரசிக்கொண்டு ட்ரோன் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் மட்டும் சிக்னல் முழுதாக வந்துவிடாது.

ஏரிக்கரை, களத்துமேடு, கிணற்று மேடு என்று ஊரில் உயரமான இடங்களுக்குக் குறைவில்லை. தகரக் கொட்டகைக்குள், காருக்குள், கான்கிரீட் சுவருக்குப் பின்னால் நிற்காதீர்கள். வைஃபை பெட்டியும் செல்போன் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் இதே 2.4-இல்தான் பேசுகின்றன, அவற்றை விட்டு விலகுங்கள். மழைத்துளி இந்த அலையைப் பெரிதாகத் தடுக்காது. மழையில் நனைந்த இலைதான் தடுக்கும்.

ரிமோட் ஆன்டெனாவைப் பிடிக்கும் விதம்

சாதாரணக் குச்சி ஆன்டெனாவின் அலை பரவும் வடிவம் மெதுவடை மாதிரி. வடையின் ஓட்டையில் குச்சி நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் சிக்னல் உண்டு. குச்சியின் நுனி காட்டும் பக்கம் ஓட்டை. பலர் துப்பாக்கி பிடிப்பது போல் நுனியை ட்ரோன் பக்கம் நீட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் பிடித்தேன். குச்சியின் பக்கவாட்டுதான் ட்ரோனைப் பார்க்கவேண்டும். தட்டையான மடக்கு ஆன்டெனா உள்ள ரிமோட்டிலும் அகலப் பக்கம் ட்ரோனை நோக்கவேண்டும், நுனி அல்ல.

இன்னொன்று, படுக்கை நெட்டு. நெட்டுக்கம்பி ஜன்னலில் அடிக்கோலை நெட்டாக நீட்டினால் நுழையும். படுக்கையாக நீட்டினால் முட்டும். ட்ரோனில் ஆன்டெனா நெட்டாக இருந்து, ரிமோட்டில் படுக்கையாக இருந்தால் 20 டெசிபல்வரை வீணாகலாம். இந்த இரண்டையும் சரிசெய்ய ஒரு பைசா ஆகாது.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால்

அப்போது ஆன்டெனா வாங்கலாம். கடையில் கிடைப்பவை மொத்தத்தில் நாலு வகை.

1. நீளக் குச்சி, 5 அல்லது 6 டிபிஐ. வடையைத் தட்டி அகலமாக்கிய மாதிரி. சுற்றிலும் தூரம் கூடும். தலைக்கு மேலே வரும்போது சிக்னல் குறையும். வயலைச் சுற்றிச் சுற்றிப் பறப்பவர்களுக்கு இது போதும்.

2. தட்டு ஆன்டெனா, சுமார் 8 டிபிஐ. அகல வெளிச்ச டார்ச் மாதிரி. முன்பக்கம் சுமார் 70 பாகை அகலத்துக்கு நன்றாகக் கேட்கும், பின்னால் கேட்காது. வாய்க்கால் மாதிரி ஒரே திசையில் பார்க்க ஏற்றது. ட்ரோன் போகும் பக்கம் நம் உடம்பையும் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

3. யாகி, 12 டிபிஐக்கு மேல். வீட்டு மாடியில் தூர்தர்ஷனுக்கு வைத்திருந்தோமே, அந்த மீன்முள் ஆன்டெனாவின் தம்பி. வெளிச்சம் மிகக் குறுகல். தனியாக ட்ரோன் ஓட்டுபவருக்கு இது தொல்லை.

4. காளான் வடிவ ஆன்டெனா. அலை சுழன்று போகும் வகை. 5.8 கிகாஹெர்ட்ஸில் படம் அனுப்பும் ட்ரோன்களில் பார்க்கலாம். இதில் வலச்சுழி, இடச்சுழி என்று இரண்டு உண்டு. இரண்டு முனையிலும் ஒரே சுழி இருக்கவேண்டும். ஒன்று வலம் ஒன்று இடம் என்றால் பணம் கொடுத்துத் தூரத்தைக் குறைத்துக்கொண்டதாகும்.

எதை வாங்கினாலும் ரிமோட் பக்கம் மாற்றுங்கள். அங்கே கூடும் டெசிபல், அனுப்புவதற்கும் உதவும், வாங்குவதற்கும் உதவும். ட்ரோன் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் அதற்கு வடை வடிவமே சரி. அதில் எடை ஏற்றவும் கூடாது. 250 கிராம் வரை நானோ வகை. 249 கிராம் ட்ரோனில் 5 கிராம் ஏறினால் அது மைக்ரோ வகைக்குப் போய்விடும்; விதிகளும் மாறிவிடும்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய நாலு கேள்வி

நான் கேட்காமல் விட்டவை இவை.

அலைவரிசை என்ன? என் ரிமோட் பேசுவது 2.4. நான் வாங்கியது 5.8-க்கான தட்டு. "8 டிபிஐ" என்ற எண்ணை மட்டும் பார்த்தேன். மரை பொருந்தியது, மாட்டிவிட்டேன். அலையின் நீளம் 2.4-இல் 12.5 செ.மீ.; 5.8-இல் 5 செ.மீ. சொச்சம். ஒன்றுக்கு வெட்டிய ஆன்டெனா மற்றதற்கு உதவாது. அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி உள்ளேயே திரும்பிவிடும். பழைய குச்சியே அதைவிட நன்றாக வேலை செய்திருக்கும்.

மரை என்ன? எஸ்.எம்.ஏ., ஆர்.பி. எஸ்.எம்.ஏ. என்று இரண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரையும் ஏறும். ஆனால் நடு ஊசி ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. மாற்றி மாட்டினால் இரண்டு பக்கமும் ஓட்டையாகி இணைப்பே ஏற்படாது. இரண்டும் ஊசி என்றால் வளைந்து உடையும். பழைய ஆன்டெனாவைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

கேபிள் எவ்வளவு நீளம்? ஆர்.ஜி. 174 என்ற மெல்லிய கேபிள் 2.4-இல் மீட்டருக்கு சுமார் 2 டெசிபல் தின்னும். 3 மீட்டர் கேபிள் போட்டுக் கம்பத்தில் ஏற்றினால், வாங்கிய 6 டெசிபலும் கேபிளிலேயே போய்ச்சேரும்.

திரும்பும் அலை எவ்வளவு? இதை எஸ்.டபிள்யூ.ஆர். என்பார்கள். 2-க்குக் கீழே இருந்தால் நல்லது, 1.5 என்றால் 4 சதவீதம்தான் திரும்புகிறது. 3 என்றால் கால் பங்கு திரும்பிவிடும். அளந்து சொல்லத் தெரியாத கடையில் வாங்குவதை யோசியுங்கள்.

ஆன்டெனா இல்லாமல் ரிமோட்டை ஆன் செய்யாதீர்கள். அனுப்பும் பகுதி கெட்டுப்போகலாம். ஆன்டெனாவைக் கழற்ற முடியாத ரிமோட்டை உடைத்துத் திறக்கவும் வேண்டாம்.

சட்டம் போட்ட வரப்பு

2.4-உம் 5.8-உம் நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசைகள். ஆனால் வரம்பு உண்டு: அனுப்பும் கருவி 1 வாட், ஆன்டெனாவின் பலம் சேர்த்து 4 வாட். 100 மில்லிவாட் ரிமோட்டில் 8 டிபிஐ தட்டு மாட்டினால் 1 வாட்டைக்கூடத் தாண்டாது. பூஸ்டர் என்று விற்கும் பெருக்கிகளை மாட்டினால் வரம்பை உடைக்க நேரலாம்; பக்கத்தில் உள்ளவர்களின் இணைப்பும் கெடும்.

தூரத்துக்கென்று 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகளையும் விற்கிறார்கள். அமெரிக்காவில் 902 முதல் 928 வரை பொது அலைவரிசை. இங்கே அதில் ஒரு பகுதி செல்போன் சேவைக்கு உரியது. நமக்குத் திறந்திருப்பது 865 முதல் 868 வரை. பறக்கும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலம் 200 அடி வரைதான்.

வீட்டிலேயே செய்யும் பிரதிபலிப்பான்

வெளி இடுபொருளைக் குறைப்பதைத்தானே நம்மாழ்வார் ஐயா காலமெல்லாம் சொல்லிவந்தார்? இங்கேயும் அதற்கு வழி இருக்கிறது.

பழைய கணக்குப் புத்தகத்தின் கெட்டி அட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 20 செ.மீ. சதுரம். உள்பக்கம் சாப்பாடு பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். இரண்டையும் திறந்த புத்தகம் போல 90 பாகையில் சேர்த்து நெட்டாக நிறுத்துங்கள். புத்தகத்தின் முதுகுக் கோட்டிலிருந்து 6 செ.மீ. முன்னால், அந்தக் கோட்டுக்கு இணையாக, ரிமோட்டின் குச்சி ஆன்டெனா நெட்டாக நிற்கட்டும். தாள் ஆன்டெனாவைத் தொடக்கூடாது. திறந்த பக்கம் ட்ரோனைப் பார்க்கட்டும். இந்த அளவு 2.4-க்கு உரியது. சரியாகச் செய்தால் முன்பக்கம் 5, 6 டெசிபல் கூடும். செலவு 20 ரூபாய்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? வானத்தில் சோதிக்காதீர்கள். இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ட்ரோனை ஆள் உயரத்தில் ஒரு முக்காலியின் மேல் வரப்பில் வையுங்கள். துணைக்கு ஒருவரை அங்கே நிறுத்துங்கள். 50, 100, 150 மீட்டரில் நின்று ரிமோட்டில் தெரியும் சிக்னல் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து, அதே இடங்களில் நின்று மறுபடி எழுதுங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. பஞ்சகவ்யம் தெளித்த பாத்தியையும் தெளிக்காத பாத்தியையும் ஒப்பிடுவோமே, அதே முறைதான்.

ஆன்டெனாவால் தீராத விஷயம்

திரும்பும் உயரத்தை உங்கள் பகுதியின் உயர்ந்த பனை, தென்னை, மின்கம்பம், செல்போன் கோபுரம் இவற்றுக்கு மேலாக வையுங்கள். நான் இப்போது 40 மீட்டர் வைத்திருக்கிறேன். ஆட்கள் வேலை செய்யும் வயலுக்கு மேல் பறக்கவிடுவதில்லை. யாருடைய வீட்டுப் பின்கட்டும், பம்புசெட்டில் குளிக்கும் இடமும் கேமராவில் விழக்கூடாது என்பதில் எங்கள் குழு கறாராக இருக்கிறது. பறக்கும் முன் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்புவதும் இல்லை. சின்ன ட்ரோன் 300 மீட்டர் தாண்டினால் என் கண்ணுக்குப் புள்ளிதான். அதற்கு மேல் சிக்னல் இருந்தும் என்ன பயன்? எதிரில் பருந்து வந்தாலும் எனக்குத் தெரியாது.

வரத்துக்காலின் அடைப்பு எங்கள் வீட்டிலிருந்து 1.2 கிலோமீட்டரில் இருந்தது. அன்று மதியம் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கரை வழியாகப் போய், ஓரிடத்தில் நிறுத்தி, பழைய குச்சி ஆன்டெனாவை மாட்டி, 4 இறக்கையில் உடைந்த ஒன்றை மாற்றி, 200 மீட்டர் மட்டும் பறக்கவிட்டேன். வேலிகாத்தான் சாய்ந்து கிடந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. 8 பேர் அரிவாளோடு போய் வெட்டி எடுத்தார்கள். மறுநாள் தண்ணீர் மதகுக்கு வந்துவிட்டது.

தண்ணீர் வந்த அன்று அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சார், தண்ணி வந்துச்சே" என்றார். அந்த 5.8 தட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. யாராவது ஆன்டெனா வாங்க யோசனை கேட்டு வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.